டிக்கிக்குள்ள மதுரை சோமு

அப்பாவோட 2002 மாடல் சான்ட்ரோவுல டிக்கிக்குள்ள ஒரு சிடி சேஞ்சர் உண்டு. ஆறு தட்டு. 1 எம்.எஸ்., 2 காருகுறிச்சி, 4 மதுரை சோமு... வரிசை மாறவே மாறாது. கண்ணாடி போடாமலே தடவிப் பார்த்து பட்டனை அமுக்குவார், சரியா சோமு வருவார்.

2009-ல நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். பழைய செட்டைக் கழட்டிட்டு யூஎஸ்பி வெச்ச டிஜிட்டல் பிளேயர் மாட்டினேன். ஆறு சிடியையும் பென் டிரைவுல ஏத்தி, "எல்லாம் இதுலயே இருக்குப்பா"ன்னு பெருமையா காட்டினேன். அப்ப அவர் வண்டி ஓட்டுறதை விட்டு, இடது பக்க சீட்டுக்கு வந்துட்டார். பார்வை மங்கல். பொடிப்பொடியா நீல எழுத்துல ஓடுற ஃபோல்டர் பேரை எங்கேர்ந்து படிப்பார்? ரெண்டு தடவை குமிழைத் திருகிப் பார்த்துட்டு, "நீயே போடுப்பா"ன்னு கையை எடுத்துட்டார்.

நான் கவனிக்கல. ரெண்டு மாசம் கழிச்சு வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க, "மாமா இப்பல்லாம் கார்ல பாட்டே கேக்குறதில்லையே?"

சுருக்குனுச்சு.

சரி, சேஞ்சரையே புது பிளேயர்ல கோத்துடலாம்னு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். "ஆக்ஸ்ல குத்துனா பாடும் சார்"னார் ஒருத்தர். குத்தினோம். பாடல. ஏன்னா மக்களே, சேஞ்சருக்கு சொந்த புத்தி கிடையாது. எந்தத் தட்டு, எத்தனாவது பாட்டுன்னு முன்னாடி இருக்கிற செட்டுதான் ஒயர் வழியா உத்தரவு போடணும். அந்த பாஷையும் கம்பெனிக்கு ஒண்ணு: பயனியர்ல ஐபி-பஸ், ஆல்பைன்ல ஏஐ-நெட், சோனியில யூனிலிங்க். ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. என் புது பிளேயர்ல அந்த சாக்கெட்டே இல்ல. ஆக்ஸ் ஓட்டை பாட்டை வாங்கிக்கும், உத்தரவு போடாது.

பழைய செட்டையே திரும்ப மாட்டிடலாம்தான். பொண்ணு விடணுமே, அவ பாட்டெல்லாம் பென் டிரைவுல :-)

பரண்ல கிடந்த பழைய செட்டைப் பார்த்தப்பதான் பொறி தட்டுச்சு. உத்தரவு போடத் தெரிஞ்ச ஆள் இவன்தானே! எல் பட்டை ஒண்ணு வெச்சு, கிளவ் பாக்ஸுக்குக் கீழ, அப்பா முழங்காலுக்கு நேரா அதை மாட்டினோம். சேஞ்சர் கேபிள் பழையபடி அதுல. அதோட பின்னாடி இருக்கிற ஆர்சிஏ அவுட்லேர்ந்து ஒரு ஒயர் புது பிளேயரோட ஆக்ஸுக்கு. மஞ்சள் ஒயர் நேரா பேட்டரி கரண்ட், சிவப்பு சாவி திருப்பினா வர்ற கரண்ட், கறுப்பு எர்த். பார்க்க அசிங்கமாத்தான் இருந்துச்சு, ஆனா பாடிடுச்சு.

கூடவே ஆக்சிலேட்டர் மிதிச்சா "ஙொய்ய்ய்"னு ஒரு தனி ஆவர்த்தனம். அரை நாள் போச்சு. ரெண்டு செட்டுக்கும் எர்த் வேற வேற இடத்துல கொடுத்ததுதான் காரணம். ரெண்டு கறுப்பையும் ஒரே போல்ட்டுல முறுக்கினதும் அடங்குச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம் கிளம்பினோம். நான் ஒண்ணும் சொல்லல, ஆக்ஸ் மட்டும் போட்டு வெச்சேன். தாம்பரம் தாண்டினதும் அப்பா கை தானா கீழ போச்சு, தடவுச்சு. டிக்கியிலேர்ந்து 'கடக்... கர்ர்ர்'னு தட்டு மாறுற சத்தம்.

"தாத்தா, வண்டி ரிப்பேரா?"ன்னா பின்சீட்டுல இருந்த பொண்ணு.

"இல்லடா கண்ணு. நாலாம் நம்பர் வருது, பேசாம கேளு"ன்னார்.