எண்ணூர் முகத்துவாரமும் ஏழு டிகிரிக் கணக்கும்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தைச் சுற்றி அனல் மின் நிலையங்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்விக்க எடுக்கும் நீர், சூடாகித்தான் திரும்பும். 1999 ஜூனுக்குப் பிறகு தொடங்கப்பட்ட, கடல்நீரைப் பயன்படுத்தும் கடலோர மின் நிலையங்களுக்கு ஒரு விதி உண்டு. அவை வெளிவிடும் நீரால், அது போய்ச் சேரும் நீரின் வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக் கூடாது. மீனும் இறாலும் பிழைக்க வேண்டுமே!

இந்த வரம்பை ஒரு நாளும் தாண்டாமல் ஓட்ட முடியுமா? இது சுற்றுச்சூழல் கேள்வி மட்டுமல்ல, கணிதக் கேள்வியும்கூட.

பிளஸ் டூவில் படிக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டில், இப்போதைய நிலை தெரிந்தால் அடுத்து நகரும் திசை ஒன்றே ஒன்றுதான். இங்கே மின் உற்பத்தியைக் கூட்டலாம், குறைக்கலாம். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு திசை அல்ல, திசைகளின் கணமே இருக்கிறது. இதற்குப் பெயர்தான் டிஃபரன்ஷியல் இன்க்ளூஷன்.

வரம்புக்குள் இருக்க என்ன வேண்டும்? சமன்பாடுகளுக்கு 1942-ல் ஜப்பானியர் நகுமோ பதில் சொன்னார்: எல்லையைத் தொடும்போது திசை வெளியே நோக்கக் கூடாது. இன்க்ளூஷனுக்கு, கிடைக்கும் திசைகளில் ஒன்றாவது அப்படி இருந்தால் போதும்.

சிக்கல் இனிமேல்தான். வெப்பநிலை என்பது முகத்துவாரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண். அத்தனையும் சேர்ந்ததுதான் 'நிலை'. அதாவது, முடிவிலாப் பரிமாணம்! மூன்று பரிமாணத்தில் தோராயப் பாதைகளை வரிசையாக எடுத்தால், அவற்றில் ஒரு பகுதி ஏதோவோர் உண்மைப் பாதையை நெருங்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சிதறிப் போகலாம். திசை ஒன்றே ஆனாலும், அது தொடர்ச்சியாக மாறினாலும், தீர்வே இல்லாமல் போகலாம் என்று 1950-ல் டியூடனே காட்டினார்.

காப்பாற்றுவது வெப்பம் பரவும் குணம்தான். கூர்மையான ஏற்ற இறக்கங்களை அது மழுக்கிவிடுவதால், சிதறும் பாதைகள் மறுபடி நெருங்குகின்றன. தீர்வு கிடைக்கிறது.

ஆனால் தேற்றம் சொல்வது "ஒரு பாதையாவது உண்டு" என்று மட்டுமே. அந்தப் பாதையில்தான் போவார்கள் என்று அது சொல்லவில்லை. உற்பத்தியைக் குறைப்பது நம் கையில்; ஓதமும் காற்றும் நம் கையில் இல்லை. அவை எப்படி மாறினாலும் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்றால், அது இதைவிடக் கடுமையான நிபந்தனை. முகத்துவாரத்தில் வலை வீசுபவருக்குத் தேவைப்படுவது அந்த இரண்டாவது தேற்றம்தான்.