"ஊட்டா ஆய்த்தா?"

காலை 8 மணி. மைசூருவின் கோகுலம் பகுதியில் ஓர் இளநீர்க் கடை. வியர்வை காயாத உடையும் சுருட்டிய பாயுமாக வெளிநாட்டவர் கூட்டம் சூழ்ந்து நிற்கிறது. அரிவாளை ஓங்கியபடியே கடைக்காரர் கேட்கிறார்: "நீரா, கஞ்சியா?" பிரேசிலிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்து இரண்டு நாள்கூட ஆகாதவர் விழிப்பது நியாயம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவரும் விழிக்கத்தான் செய்வார். அந்த ஊரில் இளநீரின் வழுக்கைக்குப் பெயர் கஞ்சி.

அரண்மனையையும் தசராவையும் பார்க்க வருகிறவர்கள் இரண்டே நாளில் கிளம்பிவிடுவார்கள். இவர்கள் அஷ்டாங்க யோகா பயில வருகிறவர்கள். ஒரு மாதம், மூன்று மாதம் என்று மாடி போர்ஷனையும் ஸ்கூட்டரையும் வாடகைக்கு எடுத்துத் தெருவாசிகளாகவே மாறிவிடுவார்கள். வேடிக்கை ஆரம்பிப்பதும் அங்கேதான்.

படியில் பார்த்ததும் கீழ்வீட்டு அம்மா கேட்பது, "ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்பது நமக்கு வணக்கம் மாதிரி. அர்த்தம் விசாரித்துத் தெரிந்துகொண்டவருக்கோ அது விருந்து அழைப்பு. வெள்ளை மனதோடு "இல்லை" என்று சொல்லிவிட்டால் நிஜமாகவே சோறும் சாரும் மாடியேறி வந்துவிடும். தொடர்ந்து விசாரணை: கல்யாணம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, சம்பளம் எவ்வளவு? அவர்கள் ஊரில் பத்து வருடம் பழகியவர்கள்கூடக் கேட்கத் தயங்கும் கேள்விகள். குழாய் ரிப்பேர் செய்பவர் தலையை ஆட்டினால் அது ஆமாமா, இல்லையா என்று புரியவே ஒரு மாதம் பிடிக்கிறது.

இந்தப் பரஸ்பரத் திகைப்புக்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933 முதல் யோகசாலை நடத்தினார் டி. கிருஷ்ணமாச்சாரியார். பின்னாளில் சென்னையில் குடியேறி 1989-ல் மறைந்தவர். ரீகாவில் பிறந்த யூஜெனி பீட்டர்சன் 1930-களின் பிற்பகுதியில் அவரிடம் வந்து நின்றபோது, பெண், அதுவும் அந்நிய நாட்டவர் என்று மறுத்துவிட்டார். மகாராஜா சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. சேர்ந்த பிறகு கடுமையான நியமங்களை விதித்துப் பார்த்தார், மாணவி அசையவில்லை. இந்திரா தேவி என்ற பெயரில் பின்னாளில் ஹாலிவுட்டில் யோகா பள்ளி திறந்தவர் அவர்தான்.

கிருஷ்ணமாச்சாரியாரின் சீடர் பட்டாபி ஜோயிஸைத் தேடி 1964-ல் பெல்ஜியத்திலிருந்து ஆந்த்ரே வான் லைஸ்பெத் வந்தார். அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பியர்களை மைசூருக்கு வரவழைத்தது. லக்ஷ்மிபுரத்தில் இருந்த சின்னக் கூடத்தில் ஒருவர் முடித்து எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். "ஒன் மோர்!" என்று ஜோயிஸ் குரல் கொடுப்பதற்காகக் காத்திருப்பார்கள். கூடத்துக் கடிகாரம் வேண்டுமென்றே கால் மணி நேரம் முன்னால் ஓடும். 99 சதவீதம் பயிற்சி, 1 சதவீதம் தத்துவம் என்பது அவர் வாக்கு. கன்னடத்துக்கும் அது பொருந்தும் என்பதை மாணவர்கள் காய்கறிக் கடையில் தெரிந்துகொண்டார்கள்.

எல்லாமே சிரிப்பாக முடிந்துவிடவில்லை. 2009-ல் ஜோயிஸ் மறைந்தார். பயிற்சியின்போது அவர் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று முன்னாள் மாணவிகள் சிலர் பின்னர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள். 2019-ல் பேரன் சரத் ஜோயிஸ் அதற்காக மன்னிப்புக் கேட்டார். 2020 மார்ச்சில் கொரோனாவால் விசாக்கள் நிறுத்தப்பட, மாடி போர்ஷன்கள் காலியாயின. மீண்டும் கூட்டம் வரத் தொடங்கிய நிலையில், 2024 நவம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 53 வயதில் சரத் திடீரென மறைந்தார். பாட்டனுக்குப் பின் உலகெங்கிலுமிருந்து மாணவர்களை இழுத்த குரு அவர்.

குரு இல்லாத ஊருக்கு இனி யார் வருவார்கள்? மைசூருவில் வேறு யோகா ஆசிரியர்கள் பலர் உண்டு. ஆனால் மாடி வாடகையையும் ஸ்கூட்டர் வாடகையையும் நம்பியிருப்பவர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வியல்ல.

கன்னடத்தில் விடைபெறும்போது "போகிறேன்" என்று மட்டும் சொல்வதில்லை. "ஹோகி பர்த்தீனி", அதாவது போய்விட்டு வருகிறேன். முதலில் இதைக் கேட்கும் வெளிநாட்டவர், போனவர் இப்போதே திரும்பி வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுண்டு. சில மாதம் கழித்து, பெட்டியை டாக்ஸியில் ஏற்றிவிட்டு அதே வார்த்தைகளைக் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்வது அவர்தான். வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது இப்போது அந்த அம்மா.