ஒன்பது அங்குலம் போதும்

பட்டறை அலமாரிக்கு அளவெடுக்க ஆயுத பூஜையை விட்டால் நல்ல நாள் கிடையாது. அன்றைக்குத்தான் வீட்டிலுள்ள அத்தனை கருவியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை எந்தத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். மண்வெட்டி, கடப்பாரை, கவாத்துக் கத்தரி, பந்தல் கம்பி முறுக்கும் குறடு, மோட்டார் வேலைக்கான பைப் ரெஞ்சு, சொட்டுநீர்க் குழாயில் துளை போடும் பஞ்ச், இவற்றோடு தாத்தா காலத்து இழைப்புளி, உளி, ரம்பம். கட்டிலுக்கடியிலும் சாக்குப்பையிலும் மோட்டார் ரூமிலுமாகச் சிதறிக் கிடந்ததெல்லாம் துடைத்துப் பாயில் பரப்பப்பட்டு, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் பட்டறைக்கு அலமாரி அடிக்க வந்த ஆசாரி பேப்பரும் பென்சிலும் கேட்கவில்லை. "அண்ணே, இருக்கிற சாமான் எல்லாத்தையும் எடுத்துத் தரையில போடுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. எது நீளம், எது கனம், எது தினமும் கைக்கு வேண்டும், எது வருஷத்துக்கு ஒருமுறை என்பதைத் தரை சொல்லிவிடும். பெட்டியை முதலில் அடித்துவிட்டுச் சாமானை அதற்குள் திணிப்பவர்கள்தான் பிறகு இடமில்லை என்கிறார்கள்.

வீட்டு அலமாரி துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆனது. பதினெட்டு அங்குலம், இரண்டடி என்று உள்ளே போகும். அதே ஆழத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தால் முன்வரிசை பின்வரிசையை மறைத்துவிடும். பின்னாலிருக்கும் ஸ்பேனர் கண்ணில் படாததால் கடைக்குப் போய் இன்னொன்று வாங்குவார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை வருஷம் முழுக்க அறுவடையாகிறது. ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் கவாத்து நடந்துகொண்டிருக்கும். கூலிக்கு வந்தவர்கள் பந்தலுக்கடியில் காத்திருக்க, வீட்டில் கத்தரியைத் தேடுவது போல எரிச்சலான வேலை வேறில்லை. அதனால் எங்கள் அலமாரிக்கு ஒன்பது அங்குல ஆழம்தான். ஒரே வரிசை. கதவைத் திறந்தால் எல்லாம் தெரியும்.

இந்த அளவு பலகைக்கும் ஒத்துவருகிறது. எட்டுக்கு நாலு அடிப் பிளைவுட்டில் ஒன்பது அங்குல அகலத்துக்கு ஐந்து பட்டை எடுக்கலாம். ஒவ்வொன்றையும் மூன்றாக அறுத்தால் ஏறக்குறைய 32 அங்குல நீளத்தில் 15 தட்டுகள். நீளத்தை இதற்கு மேல் கூட்டாமலிருப்பது நல்லது. அதே நெருக்கத்தில் சாமான் அடுக்கும்போது, தட்டின் நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். பலகையின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரும்புச் சாமான் வைக்கிற தட்டுக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம்.

எந்த மரம் என்பதில் நான் பிடிவாதக்காரன். சட்டத்துக்குத் தேக்கு, தட்டுக்குப் பிளைவுட். மேலே மலைத்தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பார்க்க அழகுதான். இழைத்தால் அதன் ரேகை மின்னும். ஆனால் கறையானுக்கு அது நிற்காது. பிளைவுட்டில் ஐ.எஸ். 303 முத்திரையிலேயே இரண்டு ரகம் உண்டு: எம்.ஆர். என்பது ஓரளவு ஈரம் தாங்கும், பி.டபிள்யூ.ஆர். கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும். விலை கூடினாலும் இரண்டாவதே எங்கள் பக்கத்துக்குச் சரி. ஜூனில் தேக்கடிப் பக்கம் மழை பிடித்தால் கூடலூர், கம்பம் வரை சாரல் வரும். அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி அடைமழை. அறுத்த விளிம்புகள்தான் முதலில் ஈரம் குடித்து உப்பும். அங்கே பீடிங் அடித்து வார்னிஷ் பூசியே ஆகவேண்டும்.

அலமாரி தரையிலும் படக்கூடாது, சுவரிலும் ஒட்டக்கூடாது. அடியில் அரையடி இடைவெளி விட்டு, செங்கல்மேல் கடப்பா கல் போட்டு நிறுத்தியிருக்கிறோம். கறையான் கல்லைத் தின்னாது. ஆனால் அதன்மேல் மண்பாதை போட்டு ஏறும். இடைவெளி இருந்தால்தான் குனிந்து பார்க்கும்போது அந்தப் பாதை கண்ணில் படும். சுவரில் தொங்குகிற சின்ன அலமாரிக்கு ஆசாரி செய்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மரப்பட்டியலை 45 டிகிரி சாய்வில் நெடுக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியை அலமாரி முதுகிலும் திருகாணி போட்டு முடுக்கினார். தூக்கி மாட்டினால் அதன் எடையே அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிறது. பட்டியலின் தடிமன் அளவுக்கு விழும் இடைவெளியில் காற்று ஓடுகிறது. சுவரின் ஈரம் பலகைக்கு வருவதில்லை.

கதவு வேண்டாம், திறந்த தட்டே போதும் என்பார்கள். ஆடிக் காற்றில் தேனியில் ஒரு வாரம் இருந்துபார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான் புழுதியையும் மரத்தூளையும் உளியின் வாய்வரைக்கும் கொண்டுபோகிறது. கதவு போட்டு, உள்ளே கொஞ்சம் கற்பூரம் வைத்து, தையல் மிஷின் எண்ணெய் தொட்ட துணியால் இரும்பைத் துடைத்து வைத்தால் மழைக்காலத்தைத் துரு இல்லாமல் தாண்டலாம்.

இடம் இருக்கிறதே என்று அதே அலமாரியின் கீழ்த்தட்டில் மயில்துத்தத்தை வைப்பது எங்கள் பக்கத்தில் பரவலான வழக்கம். அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை அடிக்காமல் திராட்சை இல்லை: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவை பதமா என்று பார்க்கத் தீட்டிய அரிவாளை அதில் முக்குவோம். சுண்ணாம்பு போதாவிட்டால் அரிவாள் முனையில் செம்பு சிவப்பாகப் படியும். அரிவாளுக்குச் செய்கிறதையேதான் மழைக்காலத்தில் ஈரம் பட்டுக் கசிகிற மயில்துத்தச் சாக்கு உளிக்கும் செய்யும். இரும்பைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுப்போகும்.

உளி போனால் வாங்கிக்கொள்ளலாம். பூச்சிமருந்துகளும் அந்தத் தட்டுக்கு வந்துசேர்ந்து, மனம் உடைந்தவர் கைக்கு எட்டுவதுதான் என் கவலை. பூட்டுப் போட்ட பெட்டி இருந்தால் போதும் என்று நானும் நம்ப விரும்புவேன். இலங்கை அனுராதபுரத்தில் 180 கிராமங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பூச்சிமருந்து குடிப்பது அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பெட்டி வீட்டில், சாவியும் வீட்டில். நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கம் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் வேறு வழி பார்த்தார்கள். ஊருக்குப் பொதுவான இடத்தில் பெட்டகங்கள். திறக்க இரண்டு சாவி, ஒன்று விவசாயியிடம், மற்றது பொறுப்பாளரிடம். அங்கே பலன் தெரிந்தது. மனம் உடைந்த ஒரு நொடிக்கும் மருந்துக்கும் நடுவில் இன்னொரு மனிதர் நிற்கிறார்.

அதனால் எங்கள் பட்டறை அலமாரியில் மருந்துக்குத் தட்டே இல்லை. அது வீட்டைவிட்டுத் தள்ளித் தோட்டத்தில், பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து வைத்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு பூட்டு, ஒரு சாவி அவர் வீட்டில். தெளிக்கிற அன்றைக்குத் தீர்கிற அளவு மட்டும் வாங்குகிறோம்.