மஹல்லாவின் பெண்கள்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. எகிப்து அதிபர் முபாரக்கின் வீழ்ச்சியைப் பற்றி உன் கல்லூரி இதழில் வந்த கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'முபாரக்கை வீழ்த்தியது ஃபேஸ்புக்' என்ற தலைப்பு மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஃபேஸ்புக்கின் பங்கை நான் மறுக்கவில்லை. 2010 ஜூனில் அலெக்சாண்ட்ரியாவில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீதின் சிதைந்த முகத்தை எகிப்து முழுக்கக் கொண்டுசேர்த்தது அதுதான். அந்த எழுச்சி அலை முதலில் கிளம்பிய டுனீசியாவில், தள்ளுவண்டியில் பழம் விற்ற பூஅஸீஸி தீக்குளித்த பிறகு ஊரார் திரண்டதைச் செல்போனில் படம் எடுத்தார்கள். அல்ஜசீரா அதை ஒளிபரப்பியது. இல்லையென்றால் அவருடைய சிதி பூசித் ஊரின் துயரம் அந்த ஊரோடு போயிருக்கும்.

ஆனால் 2011 ஜனவரி 28-ஐ யோசித்துப் பார். விடிவதற்குள் எகிப்து அரசு இணையத்தை அறுத்துவிட்டது. செல்போன்களும் ஊமையாகிவிட்டன. உன் தலைப்பு சரியென்றால் போராட்டம் அன்றே படுத்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்க்க வழியில்லாமல் போனவர்களும் தெருவுக்கு இறங்கினார்கள். இரவுக்குள் போலீஸ் பின்வாங்கி ஓடியது.

அந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததில்லை, கயல். 30 வருடம் ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவன் நான், அதனால் இது என் கண்ணில் முதலில் படுகிறது. 2006 டிசம்பரில் மஹல்லா அல்குப்ரா பஞ்சாலையில், தருவதாகச் சொன்ன போனஸ் வராததால் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் தையல் பிரிவுப் பெண்கள்தான் வெளியே வந்தார்கள். ஆண்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டே ஆலைக்குள் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகுதான் தறிகள் நின்றன. 2008 ஏப்ரல் 6 அன்று அதே ஊரில் தொடங்கிய கிளர்ச்சியில் முபாரக்கின் படத்தைக் கிழித்து மிதித்தார்கள். ஃபேஸ்புக்கில் திரண்ட இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்தார்கள். 2011 பிப்ரவரி 11-இல் முபாரக் விலகுவதற்கு முந்தைய நாட்களிலும் நாடெங்கும் ஆலைகளில் வேலைநிறுத்தம் பரவியிருந்தது.

பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும். சதுக்கத்தில் ஆட்களைக் கூட்ட போன் உதவியது. ஆனால் ஆட்சியைத் தாங்கிப் பிடிக்கக் கட்டுக்கோப்பான அமைப்பு வேண்டும். அது ராணுவத்திடம்தான் இருந்தது. 2013 ஜூலையில் ராணுவத் தளபதி அல்சிசி, தேர்தலில் வென்ற அதிபர் முர்சியைப் பதவியிலிருந்து இறக்கினார். செய்தியாளர்களும் சிறைக்குப் போனார்கள். போராட்டம் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வேரை மறந்தால் அடுத்த முறையும் இதே கதிதான்.

நீ செய்தியாளர் ஆகப்போகிறவள். காட்டும் கருவியையே காரணம் என்று எழுதிவிடாதே. கட்டுரையைத் திரும்ப எழுது, கண்ணு. முதல் வரியிலேயே அந்தத் தையல் பிரிவுப் பெண்கள் வந்து நிற்கட்டும்.

அன்புடன்,
அப்பா