நானோ பிறக்க இருந்த ஊர்

ஹௌராவிலிருந்து தாரகேசுவரம் செல்லும் ரெயில் பாதையில், செவ்ராபுலி சந்திப்பைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால் சிங்கூர் என்னும் நிலையம் வரும். ரெயில்வே குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களுக்கு அப்பெயர் அன்றாடம் காகிதத்தில் கண்ணிற்படும் பெயர்களுள் ஒன்று. ஆயினும் அவ்வூரை நேரில் கண்டதில்லை. வங்காளத்துக்கு வந்து பதினோர் ஆண்டுகள் ஆகியும், காளிகட்டம், தட்சிணேசுவரம், பேலூர் மடம், பூரி என்று போய் வந்தோமே தவிர, சிங்கூருக்குப் போகவேண்டும் என்று தோன்றியதே இல்லை. சென்ற மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு ஐந்தாறு நாட்கள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். ரெயிலில் அல்ல, எங்கள் நானோ காரில்.

போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கார் 2011-இல் பதிவானது. நாங்கள் அதற்கு மூன்றாவது சொந்தக்காரர்கள். ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பிய ஒரு மூத்த ஊழியரிடமிருந்து 2019-இல் 60,000 ரூபாய்க்கு வாங்கினோம். வருகிற சித்திரையில் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் நிறைகின்றன. பதிவைப் புதுப்பிப்பதா, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவதா என்று வீட்டில் ஒரு மாத காலமாக வாதம் நடந்தது. புதுப்பிக்கும் செலவைக் கணக்கிட்டால் கொடுத்துவிடுவதே மேல் என்றது ஒரு கட்சி. எங்கள் பன்னிரண்டு வயது மகனும் அக்கட்சியையே சேர்ந்தவன். பள்ளியில் உடன் படிப்பவர்கள் அதை ‘டப்பா’ என்று பரிகசிக்கிறார்களாம்; ஆகவே வாயிலுக்கு இரண்டு தெரு முன்பாகவே இறங்கிக்கொள்வான். இல்லத்தரசியாருக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “கொடுப்பதானால் கொடுங்கள். ஆனால் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துப் போவதுபோல, இதையும் ஒருமுறை சிங்கூருக்கு அழைத்துப் போவோம்” என்றார்.

சிங்கூர் எவ்வாறு நானோவுக்குப் பிறந்த வீடாயிற்று, அல்லது ஆகாமற் போயிற்று என்பதை, அக்காலத்தில் இங்கே வசிக்காத அன்பர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம்.

நடுத்தரக் குடும்பத்தாருக்குக் கார் எட்டாக் கனியாக இருந்த நிலையை முதலில் மாற்றியது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. ஆயினும் அதையும் வாங்க இயலாதவர்கள் நாட்டில் கோடிக்கணக்கானோர். தந்தை ஸ்கூட்டர் ஓட்ட, மூத்த பிள்ளை முன்னே நிற்க, தாய் கைக்குழந்தையுடன் பின்னே ஒருக்களித்து அமர்ந்து மழையில் நனைந்து செல்லும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நம்மிற் பலர் அவ்வாறு சென்றும் இருக்கிறோம். அந்தக் காட்சியே தம்மைத் தூண்டியதாக ரத்தன் டாட்டா பன்முறை கூறியிருக்கிறார். ஒரு லட்சம் ரூபாயில் ஒரு கார் என்பது அவர் சொன்ன சொல். 2008 ஜனவரி 10-ஆம் நாள் டில்லிக் கண்காட்சியில் அந்தக் காரை அவர் உலகுக்குக் காட்டினார். இடையில் இரும்பு முதலியவற்றின் விலை ஏறியிருந்தும், கொடுத்த வாக்கு வாக்கே என்று அன்று அறிவித்தார்.

விலையைக் குறைக்க அதைச் செய்தவர்கள் கையாண்ட வழிகள் பார்க்கத் தக்கவை. நீளம் பத்தடிக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 600 கிலோ. இரண்டே சிலிண்டர்கள் கொண்ட 624 சி.சி. எஞ்சினைப் பின்புறம் வைத்தார்கள். சக்கரத்துக்கு நான்கு மரைக்குப் பதில் மூன்று. மழையைத் துடைக்க இரண்டு துடைப்பான்களுக்குப் பதில் ஒன்று. பெட்ரோல் ஊற்ற முன்புற மூடியைத் திறக்கவேண்டும். பெட்ரோல் கடைக்குப் புதிதாக வந்த பையன்கள் இன்றும் எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே ஊற்றுவது என்று தேடுவார்கள். முற்பட்ட கார்களில் பின்கதவே திறவாது. பின்னிருக்கையை மடித்துத்தான் மூட்டையை உள்ளே வைக்கவேண்டும்.

இந்தக் காருக்குரிய தொழிற்சாலையைச் சிங்கூரில் அமைப்பது என்று 2006 மே மாதம் அறிவித்தார்கள். 1894-ஆம் ஆண்டு வெள்ளையர் காலத்துச் சட்டத்தின்படி கோபால்நகர், பேராபேரி, பாஜேமேலியா, காசேர்பேரி, சிங்கேர்பேரி ஆகிய ஐந்து ஊர்களில் ஏறத்தாழ 997 ஏக்கர் நிலத்தை மாநில அரசு எடுத்துக்கொண்டது. உழவர்களிற் பலர் பணம் பெற்றுக்கொண்டார்கள், பலர் மறுத்தார்கள். 2006 டிசம்பரில் மம்தா பானர்ஜி 25 நாட்கள் உண்ணாநோன்பு இருந்தார். மனமின்றிக் கொடுத்தவர்களின் 400 ஏக்கரைத் திருப்பித் தரவேண்டும் என்பது அவர் கட்சியின் கோரிக்கை. தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பி முடியும் தறுவாயில், 2008-இல், கிளர்ச்சி முற்றியது. அப்போது வங்காளத்தின் ஆளுநராய் இருந்தவர் நம் ராஜாஜியின் மகள் வயிற்றுப் பேரர் கோபாலகிருஷ்ண காந்தி. செப்டம்பரில் இரு தரப்பாரையும் ராஜபவனத்தில் அமர்த்திப் பேசவைத்தார். உடன்பாடு ஒன்று கையொப்பமாயிற்று, ஆனால் நிலைக்கவில்லை. அக்டோபர் 3-ஆம் நாள், துர்க்கா பூஜைக்குச் சில நாட்களே இருக்கையில், சிங்கூரை விட்டு வெளியேறுவதாக ரத்தன் டாட்டா அறிவித்தார். நான்கே நாட்களில் குஜராத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. சாணந்தில் எழுந்த புதிய தொழிற்சாலை 2010 ஜூன் 2-இல் திறக்கப்பட்டது. ஆகவே சிங்கூர் நானோவின் கருவறை. சாணந்து அதன் வளர்ப்புத் தாய் வீடு.

லிலுவாவிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். பாலி, டாங்குனி வழியாகத் துர்க்காப்பூர் விரைவுச் சாலையை அடைந்தோம். பனி கரைந்து கொண்டிருந்தது. பெரிய லாரிகள் எங்களைக் கடந்து செல்லுந்தோறும் கார் சற்றே நடுங்கும்; எங்கள் இளைய மகள் அதைப் பார்த்து, “அப்பா, காருக்குக் குளிருகிறது” என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் சிங்கூர் எல்லை வந்துவிட்டது. சாலையின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, இறங்கி நடந்தோம்.

எங்கள் மகன் ஏதோ பாழடைந்த கோட்டை போன்ற ஒன்றை எதிர்பார்த்திருந்தான் போலும். அங்கே கொட்டகை இல்லை, மதில் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் உருளைக்கிழங்குப் பாத்திகள். நடுநடுவே மஞ்சள் விரித்தாற்போலக் கடுகுப் பூ. ஆனால் உற்று நோக்கினால் வேறுபாடு தெரிந்தது. சில வயல்கள் செழித்திருக்க, அவற்றை அடுத்தே சில இடங்கள் புல்லும் புதரும் மண்டிக் கிடந்தன. வரப்போரத்தில் கான்கிரீட் துண்டுகள் குவிந்திருந்தன. 2016 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுத்தது செல்லாது என்றும், உழவர்களுக்கே திருப்பித் தரவேண்டும் என்றும், பெற்ற பணத்தை அவர்கள் திருப்பவேண்டியதில்லை என்றும் தீர்ப்பு வழங்கியது. அதன்பின் கொட்டகைகளை இடித்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். மண்ணுக்கு மேலே இருந்தது போயிற்று. கீழே இருந்ததில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிட்டது போலும்.

பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு வந்தார். எழுபது வயது இருக்கும். நாங்கள் வங்காளியில் வணக்கம் சொல்லி, மதராஸ் பக்கத்துக்காரர்கள் என்றும், காரோடு வந்த காரணத்தையும் கூறினோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அதுவா? அந்த மோட்டார்தானா?” என்று கேட்டார். சாலையில் ஓடும்போது பார்த்திருக்கிறாராம். அருகில் நின்று பார்த்ததில்லையாம்.

காரின் பக்கத்தில் வந்து நின்றார். கூரையின் மேல் கை வைத்தார். எஞ்சின் எங்கே என்றார். எங்கள் மகன்தான் முன்வந்து, “பின்னால் இருக்கிறது, தாதூ” என்று சொல்லி, இருக்கையை மடித்து மூடியைக் கழற்றிக் காட்டினான். வங்காளியர் பாட்டனாரை ‘தாதூ’ என்று அழைப்பார்கள். முதியவர் குனிந்து பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? என் நீர் இறைக்கும் எஞ்சினைவிடக் கொஞ்சம் பெரிது” என்று சிரித்தார்.

பின்னர் வரப்பில் அமர்ந்து தம் கதையைச் சொன்னார். அவருக்கு இரண்டு பீகா நிலம். அவர் தம்பிக்கு இரண்டு பீகா. அவர் காசோலையைத் தொடவில்லை. தம்பி வாங்கிக்கொண்டார். தம்பியின் மகன் தொழிற்சாலையில் சேரும் நம்பிக்கையோடு பயிற்சிக்குப் போனவன். கம்பெனி போயிற்று, பயிற்சியும் வீணாயிற்று. அந்தப் பையன் இப்போது வெளி மாநிலத்தில் எங்கோ கூலிக்கு இருக்கிறானாம். “எட்டு ஆண்டு நானும் தம்பியும் ஒரே முற்றத்தில் இருந்து பேசவில்லை. நான் பிடிவாதம் பிடித்ததால் அவன் மகன் பிழைப்புப் போயிற்று என்பான் அவன். நீ கையெழுத்துப் போட்டதால் அப்பாவின் மண் போயிற்று என்பேன் நான். மண் திரும்பி வந்த நாள் இருவரும் சேர்ந்துதான் வரப்பைத் தேடினோம். எது அவனுடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை” என்றார்.

யார் சொன்னது சரி என்று கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. அவரே சொன்னார்: “எனக்கு மோட்டாரோடு சண்டை இல்லை, பாபு. கேட்டு வாங்கியிருந்தால் வேறு பேச்சு.” 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, தனியார் தொழிலுக்கு நிலம் எடுப்பதானால் உரியவர்களுள் பெரும்பாலோரின் இசைவைப் பெறவேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. அதற்குச் சிங்கூரும் ஒரு காரணம் என்பதை அம்முதியவர் அறிவாரோ, என்னவோ.

விடைபெறும்போது அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டு முனை வரையில் சென்றோம். முன்னிருக்கையில் தலைப்பாகை இடிக்காமல் நிமிர்ந்து அமர்ந்தார். சிறிய காராயினும் உள்ளே தலைக்கு இடம் தாராளம்; அது நானோவின் சிறப்பு. இறங்கியதும் உள்ளே சென்று, ஒரு மண்கலயத்தில் ஈச்ச வெல்லம் கொண்டுவந்து எங்கள் மகள் கையில் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் காரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். 2009-இல் இதற்காக இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். சீட்டுக் குலுக்கி ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தகைய கார், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் செய்யவல்ல தொழிற்சாலை இருந்தும், மிக நன்றாக விற்ற 2011-12-இல்கூட 75 ஆயிரத்தை எட்டவில்லை. தொடக்கத்தில் சில கார்கள் தீப்பற்றிய செய்தி மக்களை அச்சுறுத்தியது உண்மை. ஆனால் பெரிய காரணம் வேறு. ‘மிக மலிவான கார்’ என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து காருக்கு ஏறுபவன், தன் ஏழ்மையைக் கூரையில் எழுதிக்கொண்டு போக விரும்புவானா? 2018-இல் உற்பத்தி நின்றது. 2024 அக்டோபர் 9-இல் ரத்தன் டாட்டாவும் மறைந்தார்.

அந்தப் பெயரின் சுமையை நாங்களும் அறிவோம். ஒரு திருமண மண்டபத்தில் காவற்காரர் எங்கள் காரை முன்வாயிலில் நிறுத்த விடாமல், சமையற்கட்டின் பக்கம் போகச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வந்த பெரிய காருக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஆனால் வேறொன்றையும் அறிவோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், ஆடி மழை கொட்டிய ஓர் இரவில், எங்கள் மகளுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டது. அழைத்த வாடகை வண்டிகள் ஒன்றும் வரவில்லை. பெரிய கார் நுழைய இயலாத எங்கள் குடியிருப்புச் சந்தில், இந்த ‘டப்பா’ நின்றிருந்தது. அதிலேதான் குழந்தையைப் போட்டுக்கொண்டு போய், இருபது நிமிடத்தில் மருத்துவரிடம் சேர்த்தோம். ஸ்கூட்டரில் அந்த மழையில் என்ன செய்திருப்போம் என்று இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்துக்காக ஒரு கார் என்று ஒருவர் எண்ணியது, எண்ணியவாறே எங்கள் வீட்டில் நிறைவேறியது. அந்த எண்ணத்துக்கு விலையாகச் சிங்கூரில் ஒரு முற்றத்தில் அண்ணனும் தம்பியும் எட்டு ஆண்டு பேசாதிருந்தார்கள் என்பதையும் இப்போது அறிந்துகொண்டோம். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

தை முதல் நாள் அந்த ஈச்ச வெல்லத்தைப் போட்டே சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். மணம் வங்காளத்து மணம். இனிப்பு நம் ஊர் இனிப்பு. பொங்கல் விடுமுறை கழிந்ததும் காரின் பதிவைப் புதுப்பிக்க மனு எழுதினோம். விண்ணப்பத் தாளில் எஞ்சின் எண்ணைப் பார்த்து எழுதவேண்டியிருந்தது. எங்கள் மகன் விளக்கோடு வந்து, இருக்கையை மடித்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான்.