700 எம்பியும் ஆறு மணி நேரமும்

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் தொடங்கிய டேட்டாஒன் அகலப்பட்டையில் பின்னர் வந்த வீடுகளுக்கான மலிவுத் திட்டம் மாதம் 250 ரூபாய். அளவு 400 எம்பி, வேகம் 256 கேபிபிஎஸ். அன்றைய உபுண்டு குறுவட்டு ஒன்றோ சுமார் 700 எம்பி. கணக்கு அங்கேயே உதைக்கிறது பாருங்கள்!

500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவது கணக்கில் சேராது என்று வந்தது. இதற்காகவே அலாரம் வைத்து எழுந்த மாணவர்கள் உண்டு. 256 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 32 கேபி. ஆறு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் 675 எம்பிதான். வட்டு முடிய இன்னும் கால் மணி நேரம் வேண்டும், அதற்குள் 8 மணி அடித்துவிடும். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலம் வேறு. செம்புக் கம்பியில் ஈரம் இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். விட்ட இடத்திலிருந்து தொடரும் தரவிறக்கி இல்லாவிட்டால் மறுநாள் இரவு மறுபடி முதலிலிருந்துதான். பொறுமை உள்ளவர்களுக்கு உபுண்டுவே ஷிப்இட் மூலம் 2011 ஏப்ரல் வரை தபாலில் இலவசமாக வட்டு அனுப்பியது.

நிறுவிய பிறகுதான் அடுத்த செலவு. நூற்றுக்கணக்கான எம்பிக்கு மேம்படுத்தல்கள் வரிசையில் நிற்கும். டெபியன், உபுண்டுவில் ஒரு வசதி: இறக்கிய பொதிகளை அப்ட் தன் சேமிப்பகத்தில் வைத்திருக்கும். ஒரே பதிப்பு ஓடும் இரண்டு வீடுகளில் ஒரு வீட்டில் மட்டும் இறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும். ஆப்ட்ஆன்சிடி என்ற மென்பொருள் இதையே வட்டாக எழுதிக் கொடுத்தது.

இதைவிட அழகான வழி, மாறிய பகுதியை மட்டும் இறக்குவது. 1996-ல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராசும் வெளியிட்ட ஆர்சிங்க் இதைத்தான் செய்தது. பழைய கோப்பைத் துண்டு துண்டாகக் கணக்கிட்டு, பொருந்தாத துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். ஃபெடோரா 11 (2009) அதே எண்ணத்தை டெல்டா ஆர்பிஎம் என்று கொண்டுவந்தது. தரவு மிச்சம், ஆனால் பொதியைத் திரும்பக் கட்டக் கணினி திணறும். 2024-ல் ஃபெடோரா 40 அதைக் கைவிட்டது.

"சே, மேம்படுத்தலே வேண்டாம்" என்று அணைத்து வைப்பவர்கள் அதிகம். 2017 மே மாதம் வானாகிரை பரவியபோது மாட்டியவை பெரும்பாலும் அப்படிப்பட்ட விண்டோஸ் கணினிகளே. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது.

இன்று நிலை மாறிவிட்டதா? 2011-ல் தென்காசியில் சிறிய அலுவலகமாகத் தொடங்கிய ஜோஹோ, மத்தளம்பாறையில் உலகத்துக்கே மென்பொருள் செய்கிறது. ஆனால் செல்பேசி இணையத்தை மட்டும் நம்பும் வீட்டில் நாளுக்கு 1.5 ஜிபி என்றால், 5 ஜிபியைத் தாண்டும் உபுண்டு 24.04 கோப்புக்கு நான்கு நாள். அளவு தீர்ந்தால் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ், பழைய டேட்டாஒன்னில் கால் பங்கு!

அப்படிப்பட்டவர்கள் விண்டோஸில் இணைப்பை 'அளவிடப்பட்டது' என்று குறித்துவிடலாம், பெரிய மேம்படுத்தல்கள் கேட்காமல் இறங்காது. வீட்டில் இரண்டு கணினி இருந்தால் டெலிவரி ஆப்டிமைசேஷனில் உள்ளூர் வலையமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.