மண் மாறும் இடம்

திருவண்ணாமலைக் கோயில் சுவரில் மாணவர்கள் கல்வெட்டைப் படியெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, எழுத்துப் பள்ளங்களில் தாள் இறங்கியதும் மை ஒற்றுவார்கள். தாள் கிழிந்தால் இன்னொன்றை ஒட்டலாம். கல் அங்கேயே நிற்கும். அகழாய்வுக் குழியில் அந்த வாய்ப்பு கிடையாது. ஒருமுறை வெட்டி எடுத்த மண்ணடுக்கை யாராலும் திரும்ப அடுக்க முடியாது.

அந்தப் பொறுப்பு எத்தனை பெரியது என்று எனக்குப் புரிந்தது, இதே மாவட்டத்தில் வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில். பெருங்கற்கால ஈமக் கல்வட்டங்கள் நிறைந்த ஊர். மாநிலத் தொல்லியல் துறை 2023-இல் அகழாய்வைத் தொடங்கி, 2024-இல் இரண்டாம் கட்டத்தை நடத்தியது.

கல்வட்டத்தை நான்கு கால்வட்டங்களாக நூல் கட்டிப் பிரிக்கிறார்கள். இடையில் மண்சுவர் விட்டு, எதிரெதிராக இருக்கும் இரண்டை முதலில் இறக்குகிறார்கள். அந்தச் சுவர்தான் சாட்சி. எந்த அடுக்கு எதன்மேல் படிந்தது என்பதை அதில்தான் படிக்க வேண்டும். ஆகவே தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராகச் சீவுவதிலேயே மாணவர்களின் பொழுது பெரும்பாலும் போகிறது. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1944-இல் தட்சசீலத்தில் பயிற்சிப் பள்ளி நடத்தி இந்த ஒழுங்கைத்தான் வலியுறுத்தினார். மறு ஆண்டே அரிக்கமேடு அகழாய்வில் அது தமிழ் மண்ணுக்கு வந்தது.

ஆனால் நான் போயிருந்த அன்று குழிக்குள் பாடம் நடத்தியவர் உள்ளூர்த் தொழிலாளியான ஒரு பெண். பட்டயப் படிப்பு மாணவர் ஒருவர் கொத்துக்கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாண்டில் மண் அள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று, “நிறுத்து தம்பி, மண்ணு மாறுது” என்றார். எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. மாணவர் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். வெளிர்மண்ணுக்கு நடுவே கருத்த, பொலபொலப்பான ஒரு திட்டு தெரிந்தது. “எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். “சத்தம் வேற மாதிரி வந்துச்சுல்ல. கரண்டியக் குத்தாத, சாச்சுப் புடி.”

அதன்பிறகு வேலை மிக மெதுவாகிவிட்டது. கரித்துண்டு தென்பட்டால் வெறுங்கை படக்கூடாது; சுத்தமான கருவியின் நுனியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, ஆழத்தையும் அடுக்கையும் உடனே எழுத வேண்டும். இந்தக் கவனத்தின் பலன் எவ்வளவு என்பதற்கு இதே ஊர்தான் சான்று. இங்குள்ள சுடுமண் ஈமப்பேழை ஒன்றில் கிடைத்த கரி கி.மு. 1692 என்ற காலக்கணிப்பைத் தந்ததாக, 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சொல்கிறது. கை தவறி மேலடுக்குக் கரி கலந்திருந்தால் அந்த ஆண்டுக்கு அர்த்தமே இருந்திராது.

மாணவரின் பதிவேட்டில் குழி எண், ஆழம், மண்ணின் நிறம், நாள் எல்லாம் இருந்தன. மண் மாறியதை முதலில் உணர்ந்தவரின் பெயருக்குக் கட்டமில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. கிணறு வெட்டியும் கழனியில் வரப்பு வைத்தும் பழகிய கைகள் அவை. இரண்டு பருவம் குழியில் நின்றபின் அந்த அறிவு இன்னும் கூர்மையாகியிருக்கிறது. புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வாரப் பயிற்சியை இவரைப் போன்ற தொழிலாளர்களிடமே ஒப்படைக்கலாம். அந்த வாரக் கூலியை மண் அள்ளிய கணக்கில் எழுதாமல், பயிற்றுநர் ஊதியமாகவே எழுத வேண்டும்.